இரும்பின் நடுக்கம்

தெருவோரத்து மின்மாற்றியின் அருகால் நடந்து செல்லும்போது அதன் ஓயாத முரல்வை நாம் கேட்கிறோம். உள்ளே சுழலும் சக்கரம் எதுவுமில்லை. ஆயினும் மின்னோட்டம் திசை மாறுந்தோறும் அதன் இரும்பு அகணி காந்தமேறி, கண்ணுக்குப் புலனாகா அளவில் நீண்டும் குறுகியும் நடுங்குகின்றது. அந்நடுக்கமே பெரும்பாலும் நம் செவியில் முரலொலியாக விழுகின்றது. காந்தத்தால் உலோகத்தின் நீளம் மாறும் இக்குணத்தைக் காந்த விகாரம் என்போம். இதனை மறுதலையாக்கி, நடுங்கும் உலோகத்திலிருந்து மின்சாரம் பெறும் முயற்சி இன்றைய ஆய்வுகூடங்களிலே நடைபெறுகின்றது. புதுமை எனக் கொண்டாடப்படும் இம்முயற்சியின் வேரைத் தேடிச் சென்றால், ஓர் இயந்திர வினைஞரின் கேள்வியிலே போய் நிற்கிறோம்.

1841ஆம் ஆண்டின் இறுதி, இடம் மஞ்செஸ்டர். ஆர்ஸ்டால் என்னும் வினைஞர், ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூலிடம் ஒரு கருத்தைக் கூறினார். காந்தமேறும் இரும்பு பருக்கும் என்பது அவர் எண்ணம். மின்னோட்டத்தை விரைவாகத் திசை மாற்றினால் இரும்பு பருத்துச் சுருங்கும். அவ்வசைவைக் கொண்டு ஓர் எந்திரத்தை ஓட்டலாகாதா? சல்போட் நகரின் செல்வந்த மதுவடிசாலைக் குடும்பத்திற் பிறந்த யூலுக்கு அப்போது வயது 23. நீராவிக்கு மாற்றாக மின்காந்த எந்திரம் ஒன்றை ஆக்கலாமென அவரும் முயன்று, மின்கலத்தில் அழியும் துத்தநாகம் நிலக்கரியிலும் செலவு மிக்கது எனக் கண்டு சோர்ந்திருந்த காலம் அது.

யூல் ஆர்ஸ்டாலின் கருத்தைச் சோதித்தார். நீர் நிறைந்த கண்ணாடிக் குழாயில் இரும்பை இட்டு, மேலே பொருத்திய நுண்குழாயில் நீர்மட்டத்தை நோக்கினார். காந்தமேறியும் மட்டம் அசையவில்லை. பின்னர் நெம்புகோல்களால் அசைவைப் பெருக்கி நீளத்தை அளந்தார். இரும்பு நீண்டிருந்தது! கனவளவு மாறாது நீண்டமையால் அது மெலிந்தும் இருத்தல் வேண்டும். நீட்சியோ நீளத்தில் இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எந்திரம் பிறக்கவில்லை. 1842இல் முடிவு வெளியாயிற்று. பாடநூல்களில் அது ‘யூல் விளைவு’ ஆயிற்று. யூல் நேர்மையாளர், கருத்தைத் தந்தவரின் பெயரைத் தமது கட்டுரையின் தொடக்கத்திலேயே குறித்தார். அவருக்குப் பின் பாடநூல் எழுதியோர்க்கு அந்நேர்மை தேவைப்படவில்லை. (அதே 1842 ஓகஸ்டில் அந்நகரைச் சூழ்ந்த ஆலைகளில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர், கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி நீராவி எந்திரங்களையே நிறுத்தினர்.)

1865இல் இத்தாலியரான எமிலியோ வில்லாரி மறுபக்கத்தைக் கண்டார். இரும்பை இழுத்தாலும் அமுக்கினாலும் அதன் காந்தத்தன்மை மாறுகின்றது. மாறும் காந்தத்தைச் சுற்றிச் சுருள் இருந்தால் அதில் மின் பிறக்கும் என்பதை 1831இலேயே கொல்லன் மகன் பரடே காட்டிவிட்டார். ஆகவே நடுக்கத்திலிருந்து மின் பெறும் தத்துவம் 1865இலேயே முழுமை பெற்றிருந்தது எனலாம். ஆனால் இரும்பின் விகாரம் மிகச் சிறிது. சிறந்த உலோகத்தைத் தேடுவதற்குப் பணம் வேண்டும். அப்பணத்தைப் பெருமளவில் தந்தது போர்.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவிகளில் நிக்கல் நடுங்கிற்று. நிக்கல் கிடையாத யப்பான் அலுமினியமும் இரும்பும் கலந்த உலோகத்தை நாடிற்று. 1970களில் ஆர்தர் கிளார்க்கும் அவர் துணைவரும் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில் ‘டெர்பினோல்-டி’யை உருவாக்கினர்; அதன் விகாரம் இரும்பினதிலும் நூறு மடங்குக்கு மேல். டெர்பியம், இரும்பு, டிஸ்புரோசியம் ஆகியவற்றின் குறிகளோடு அக்கடற்படைக் கூடத்தின் முதலெழுத்துகளும் அப்பெயரில் உறைந்துள்ளன. அது எளிதில் நொறுங்குவது; விலையும் மிக்கது. டெர்பியமும் டிஸ்புரோசியமும் தென்சீனத்தின் களிமண் குன்றுகளிலிருந்தும், அண்மைக் காலத்தில் மியன்மாரின் கச்சின் மாநிலத்திலிருந்தும் இரசாயன உப்புநீர் பாய்ச்சிப் பிரித்தெடுக்கப்படுகின்றன. அந்நீர் ஓடும் ஆற்றங்கரைகளில் வாழும் மக்களே அவ்விலையின் ஒரு பகுதியைச் செலுத்துகின்றனர்.

1990களின் இறுதியில் இரும்பும் கலியமும் சேர்ந்த ‘கல்பினோல்’ வந்தது. அப்பெயரிலும் அதே கூடத்தின் எழுத்துகள்! ஆயினும் இது வளைத்தாலும் முறியாதது; அருமண் கலவாதது. இதன் துண்டொன்றில் சுருள் சுற்றி, நிலைக்காந்தம் பொருத்தி, அதிர்வில் வளையவிட்டு மின் பெறும் கருவிகளை யப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தொசியுகி உவேனோ ஆராய்ந்துள்ளார்.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். தெருவின் அதிர்வால் நகருக்கு விளக்கேற்றலாமென ஆர்ப்பரிப்போர் உளர். கையளவான இத்தகைய கருவி தருவது பெரும்பாலும் மில்லிவாற்று அளவே. ஒன்று 10 மில்லிவாற்று தந்தாலும், 10 வாற்று விளக்கொன்றிற்கு ஆயிரம் கருவிகள் வேண்டும். அதிர்வும் வானத்திலிருந்து இலவசமாக விழுவதன்று; எங்கோ எரியும் எரிபொருளின் எச்சமே அது.

ஆனால் பாலத்தின் அடிவயிற்றில் விரிசலைக் கண்காணித்து, இடையிடையே செய்தி அனுப்பும் சிறு உணரிக்கு அச்சில மில்லிவாற்றுகள் போதும். மேலே புகைவண்டி கடக்குந்தோறும் அது தனக்கு வேண்டிய மின்னைத் தானே பெற்றுக்கொள்ளும். தீர்ந்த மின்கலத்தை மாற்றுவதற்காக ஒரு தொழிலாளி கயிற்றில் தொங்கிக்கொண்டு அங்கே இறங்க வேண்டியதில்லை.