வட சிலாங்கூர் கரிமண் காடு: தீ மூளுவது வெயிலால் மட்டுமல்ல

2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஜெராம் வட்டார மக்கள் அந்த நாள்களை மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. ஆனால், அதேபோல் எரியக்கூடிய மண் நம் மாவட்டத்திலும் இருக்கிறது.

ராஜா மூசா, சுங்கை காராங் வனக்காப்பகங்களை உள்ளடக்கிய வட சிலாங்கூர் சதுப்புக் காடு 70,000 ஹெக்டருக்கும் மேற்பட்டது. அதன் தரை, மலாயில் 'கம்புட்' எனப்படும் கரிமண். நீரில் ஊறி முழுதும் மக்காத மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து உருவானது. ஈரம் இருக்கும்வரை எளிதில் தீப்பிடிக்காது. காய்ந்துவிட்டால் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்று கொண்டிருக்கும். மேலே அணைந்ததுபோல் தெரிந்தாலும் சற்றுத் தள்ளி மீண்டும் கிளம்பும்.

மண் காய்ந்தது மனிதர்களால். 1950களிலிருந்து வெட்டுமரங்களை வெளியேற்றக் கால்வாய்கள் தோண்டப்பட்டன. பின்னர் விவசாயத்துக்கும் நீர் வடிக்கப்பட்டது. ராஜா மூசா 1990இல் நிரந்தர வனக்காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகும் அத்துமீறிய நடவு நிற்கவில்லை.

அடுத்த காரணம் பணம். புதரைத் தள்ள மண்வாரி இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். தீக்குச்சிக்குச் சில காசு போதும். மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி மக்கவிடும் முறைக்காக 'கோல்டன் ஹோப்' நிறுவனம் 1992இல் ஐ.நா.வின் 'குளோபல் 500' விருது பெற்றது. பெரிய தோட்டத்துக்கு அது முடிந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இயந்திரக் கூலியே பெரும் சுமை. நிலப்பட்டா இல்லாமல் பயிரிடுபவர், நாளை தனக்குச் சொந்தமாக இருக்குமா என்று தெரியாத மண்ணுக்காக அதிகம் செலவழிக்க மாட்டார்.

குப்பையும் ஒரு காரணம். குப்பை லாரி ஒழுங்காக வராத லயன்களில் வீட்டுக்குப் பின்னால் எரிப்பதே வழக்கமாகிவிடுகிறது. வறட்சியில் அந்தப் பொறி காய்ந்த லாலாங் புல்லுக்குத் தாவும்.

2014 தொடக்கத்து வறட்சியில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்த நேரத்திலேயே கரிமண் நிலங்களும் எரிந்தன. அடைத்துக்கொள்ளக் குளிர்சாதன அறை இல்லாத வீடுகளும், வெளியில் நின்று குலை வெட்டும் தொழிலாளர்களுமே புகையை அதிகம் சுவாசித்தவர்கள்.

தண்டனை மட்டும் போதாது. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. ராஜா மூசாவில் வனத்துறையும் 'குளோபல் என்வைரன்மென்ட் சென்டர்' அமைப்பும் 2008 முதல் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, சுற்றுவட்டார மக்களோடு மரம் நட்டு வருகின்றன.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையே அடுக்கினால் உரமாகும். குப்பை லாரி வராவிட்டால் தோட்ட நிர்வாகத்திடமோ நகராண்மைக் கழகத்திடமோ எழுத்து மூலம் கேளுங்கள். தரையிலிருந்து புகை வந்தால் உடனே 999ஐ அழையுங்கள். அது தானாக அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.