கதவு திறந்திருந்தால் போதுமா?



கொட்டாஞ்சேனையில் நாம் படிப்பித்த ஒரு மாணவன். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது. வாப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர். மஹாபொல கிடைத்தாலும் முதல் மாதங்களுக்குப் போர்டிங் காசும் பஸ் காசும் யார் தருவது? இன்று அவன் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். விஷயம் நமக்குத் தெரியவந்தபோது பதிவுத் திகதி முடிந்திருந்தது.

இலவசக் கல்வி உள்ள நாட்டில் இது எப்படி நடக்கிறது? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்த காலத்தில், அவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதையே தென் மாநிலங்கள் பல சட்டம் போட்டுத் தடுத்தன. விடுதலைக்குப் பிறகு அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் எழுந்தன. 1944இல், போரிலிருந்து திரும்பும் படையினர் அரச செலவில் படிக்கலாம் என்று சட்டம் வந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தெற்கில் வெள்ளையரின் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்களுடைய கல்லூரிகளிலோ இடம் போதவில்லை.

அதே 1944இல் டஸ்கிகீ கல்லூரியின் தலைவர் பிரெடரிக் பேட்டர்சன் ஒரு காரியம் செய்தார். தனித்தனியே நன்கொடை தேடிக் களைத்திருந்த 27 கறுப்பினக் கல்லூரிகளை ஒன்றுசேர்த்து, ஒரே நிதியத்தை உருவாக்கினார். இன்றும் அது மாணவர்களுக்கு உதவி வருகிறது.

இனி நமது ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1935இல் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் இலங்கை முஸ்லிம். போர்க்காலத்தில் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். உணவு உற்பத்தியைப் பெருக்கத்தான் அவரை அனுப்பினார்கள். அங்கே அவர் கண்டது வயலை மட்டுமல்ல, படிக்க வழியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளையும்தான். 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. அந்த அனுபவத்தை வைத்து, 1945இல் முழு நாட்டுக்குமாக இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தொடங்கப்பட்டது.

ஆண்டைக் கவனியுங்கள். கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே 1945இல்தான். கட்டணம் இல்லாமற் போனாலும் சாப்பாடு, தங்குமிடம், புத்தகம், பயணம் எல்லாம் பெற்றோர் தலையில்தான் இருந்தன. அரசு கதவைத் திறந்தது. கதவு வரை பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சமூகத்தின் வேலை என்று அஸீஸ் கண்டார். மருதானை ஸாஹிராவை டீ.பி. ஜாயாவிடமிருந்து 1948இல் பொறுப்பேற்க, சிவில் சேவையையே விட்டுவிட்டு வந்தார். ஜாயாவும் இலவசக் கல்விக்காகக் குரல் கொடுத்தவர்தான்.

இரு சமூகங்களும் ஒன்றையொன்று பார்த்துச் செய்யவில்லை. துன்பங்களும் ஒரே அளவானவை அல்ல. அடிமைத்தனத்தோடு நமது வறுமையை ஒப்பிட முடியாது. ஆனால் இருவரும் கண்ட பாடம் ஒன்று: சம உரிமை காகிதத்தில் வந்த பிறகும், ஏழைப் பிள்ளைக்குக் கைபிடித்துவிட ஒருவர் வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசதியுள்ளவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. கல்யாணச் சாப்பாட்டில் ஒரு மேசையைக் குறைத்தால் ஒரு பிள்ளையின் முதல் மாதங்கள் ஓடிவிடும். தானமாகத் தர முடியாவிட்டால் கர்ழ் ஹஸனாவாகத் தரலாம். உழைக்கத் தொடங்கியதும் அவன் திருப்பித் தரும் காசு அடுத்த பிள்ளைக்குப் போகும். உயர்தரப் பெறுபேறு வந்த வாரமே, ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருவர் வீடு வீடாகப் போய் விசாரித்தாலே பாதி வேலை முடிந்தது. மானத்துக்கு அஞ்சி வாய் திறக்காத வீடுகளுக்கு முதலில் போங்கள்.

அந்த மாணவனை நாம் பிந்தித்தான் கேட்டோம். அடுத்தவனைப் பிந்தாமல் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.