அறையிலிருந்து மேசைக்கு: ஒரு கணினியின் கதையும் செக்றோலும்

உயர்திறன் மேசைக் கணினியான 'வேர்க்ஸ்டேஷன்' பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் கலிபோர்னியாவில் தொடங்குகின்றன. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. அது லண்டனில், தேநீர் விற்ற ஒரு நிறுவனத்தில் நிகழ்ந்தது. தேயிலை சம்பந்தப்பட்ட கதை என்பதால், எங்கள் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

ஜே. லயன்ஸ் நிறுவனம் பிரித்தானியாவெங்கும் தேநீர்க்கடைகளை நடத்தி வந்தது. சிறுசிறு விற்பனைகள் இலட்சக்கணக்கில் நடக்கும் வியாபாரம் அது. கணக்கு எழுதுவதற்கே பெரும் எழுத்தர் படை தேவைப்பட்டது. 1947 இல் தனது அதிகாரிகள் இருவரை நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. புதிய கணினிகளைப் பற்றி அறிந்து திரும்பிய அவர்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகிக்கொண்டிருந்த எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு தமக்கென ஒன்றை அமைக்கலாம் என்று பரிந்துரைத்தனர். ஜோன் பிங்கர்டன் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான அந்த இயந்திரத்துக்கு 'லியோ' என்று பெயர். 1951 நவம்பரில் பேக்கரி உற்பத்தியின் மதிப்பீட்டுக் கணக்கை அது முறையாகச் செய்யத் தொடங்கியது. வர்த்தக அலுவலகப் பணியில் ஈடுபட்ட உலகின் முதற் கணினி அதுவே. பின்னர் ஊழியர் சம்பளம், கடைகளுக்கான விநியோகம், தேயிலைக் கலவை ஆகிய கணக்குகளும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன.

லியோவில் ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பாதரசம் நிரப்பிய குழாய்களுக்குள் ஒலியலைகளாகச் சுற்றிக்கொண்டிருந்ததே அதன் நினைவகம். 2,048 சொற்கள், இன்றைய அளவையில் ஒன்பது கிலோபைட்டுக்கும் குறைவு. இவ்வளவுக்கும் ஒரு பெரிய மண்டபம் தேவைப்பட்டது.

அதே 1951 இல் மலையகத்தில் கணக்கு எவ்வாறு நடந்தது? விடியற்காலையில் பெரட்டுக் களம். பிறகு கணக்கப்பிள்ளையின் கையில் கொழுந்து நிறுவை. மாலையில் 'செக்றோல்' எனப்படும் வரவுப் பதிவேட்டில் ஒரு குறி. ஒரு நாள் கூலியைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். நிர்ணயித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப்பேர்'. ஒரு மனிதரின் பேரே பாதியாகிவிடும் கணக்கு அது.

அந்தப் பதிவேடு கூலியோடு நிற்கவுமில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டாண்டுகள் தரப்பட்டன. தொடர்ச்சியாக இங்கே வசித்ததைத் தாள்களால் நிரூபிக்க வேண்டும். 1951 ஆகஸ்டில் அந்தக் காலக்கெடு முடிந்தது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பின்னர் நிராகரிக்கப்பட்டன. லண்டனில் லியோ கணக்குப் பார்க்கத் தொடங்கியது அதற்குச் சில மாதங்களின் பின்னர்தான். 1964 இல் இரு பிரதமர்கள் 975,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று.

கணிக்கும் ஆற்றல் நிறுவனத்தின் மண்டபத்தை விட்டுத் தனிமனிதனின் மேசைக்கு வந்த கதையே வேர்க்ஸ்டேஷனின் கதை. 1973 இல் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவான ஆல்ட்டோ அதன் மூதாதை. 128 கிலோபைட் நினைவகம், தாளைப்போல் நெடிதாக நின்ற திரை, மௌஸ், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் வலையமைப்பு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அது கடைக்கு வரவில்லை. 1981 இல் அப்பல்லோ நிறுவனமும் 1982 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் மோட்டோரோலா 68000 செயலியைக் கொண்டு சந்தைக்கு வந்தன. சன் நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் இந்தியரான வினோத் கோஸ்லாவும் ஒருவர். ஒரு மெகாபைட் நினைவகம், திரையில் பத்து இலட்சம் புள்ளிகள், நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகள் என்பது அக்காலப் பொறியியலாளர்களின் இலக்கு.

அதன் பிறகு சிலிக்கன் கிராபிக்ஸ் முப்பரிமாணப் படங்களுக்கென்றே தனி வன்பொருளைத் தந்தது. 1990 இல் டிம் பேர்ணர்ஸ் லீ உலகளாவிய வலையை எழுதியது நெக்ஸ்ட் என்ற வேர்க்ஸ்டேஷனில். ஆனால் 1995 இல் வந்த பென்டியம் புரோ போன்ற மலிவான செயலிகள் இந்தப் பெரிய வீடுகளின் அத்திவாரத்தையே அரித்தன. 2009 இல் சிலிக்கன் கிராபிக்ஸ் திவாலாகி விற்கப்பட்டது. 2010 இல் சன், ஓரக்கிளின் கைக்குப் போனது.

பெயர்கள் மறைந்தாலும் இனம் அழியவில்லை. 2023 இல் ஏஎம்டி வெளியிட்ட திரெட்ரிப்பர் புரோ வரிசையின் உச்சச் செயலியில் 96 கருக்கள் உள்ளன. இரண்டு டெராபைட் வரை நினைவகம் பொருத்தலாம். ஆயிரக்கணக்கான சிறு கருக்கள் கொண்ட வரைகலை அட்டை, படம் வரைவதோடு செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகளையும் செய்கிறது. சாதாரணக் கணினியிலிருந்து இதனை வேறுபடுத்தும் இன்னொரு அம்சம், தன் பிழையைத் தானே திருத்தும் நினைவகம். ஒரு பிட் தவறிப் புரண்டாலும் அது கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். நாட்கணக்கில் ஓடும் கணக்கில் ஓரிடத்துப் பிழை முடிவையே கெடுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

செக்றோலுக்கு அப்படியொரு ஏற்பாடு இருந்ததில்லை. விடுபட்ட ஒரு குறி அரைநாள் கூலியாகவும், கிடைக்காத ஓர் ஏடு இழந்த குடியுரிமையாகவும் முடிந்திருக்கக்கூடும். இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது, சம்பளத் துண்டு அச்சாகி வருகிறது. ஆயினும் கணினி மேசைக்கு அந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது. கொழுந்து எடுப்பவள் துண்டை வாங்கிக்கொண்டு நகர்கிறாள்.

மலையகச் செய்திகளை எழுதிவந்த காலத்தில், தோட்ட அலுவலகங்களின் மூலைகளில் பழைய பதிவேடுகள் ஈரத்தில் ஊறிக் கரையான் தின்னக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மக்களைப் பற்றிய நூல்களில் இல்லாத பெயர்கள் அவற்றில் உண்டு. யார் எந்த மலையில் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற செய்தி உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தொண்டர்களின் உழைப்பால் காத்துவருவதை அறிவோம். பதிவேடுகளையும் அவ்வாறே படமெடுத்து, கையெழுத்தை எழுத்துருவாக்கி, பெயரால் தேடும்படி ஒழுங்குசெய்யலாம். ஒரு நல்ல வேர்க்ஸ்டேஷன் செய்யக்கூடிய வேலைதான் இது. மண்டபமும் வேண்டாம், 6,000 குழாய்களும் வேண்டாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இத்தகைய இயந்திரங்களின் முன் அமர்ந்து தொழில் புரியும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். மலையகத்தில் வேர்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பாட்டியின் பேர் எந்தத் தோட்டத்து ஏட்டில், முழுப்பேராகவா அரைப்பேராகவா எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப்பார்க்க அவர்களால் இன்று முடியும். கரையானுக்கு முன்னால் அவர்கள் அங்கே போய்ச் சேர வேண்டும்.