நானுஓயாக் கடைவீதியும் உணவுச் சட்டமும்

நுவரெலியாவுக்கு அயலேயுள்ள நானுஓயாவைப் புகையிரதம் 1885 ஆம் ஆண்டிலே எட்டியது. 1893இல் பாதை அப்புத்தளை வரை நீளும் வரையில், எட்டாண்டு காலம் இதுவே மலைநாட்டுப் பாதையின் முடிவிடமாய் இருந்தது. தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இங்கே வந்து கொழும்புக்கு இறங்கின. இந்தியாவிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி மூடைகள் கொழும்பிலிருந்து மேலேறி வந்தன. ஒரே மேடையிலே கைமாறிய இவ்விரு உணவுப் பொருள்களையும் சட்டம் நோக்கிய முறை ஒன்றன்று.

தேயிலையைக் காக்கச் சட்டம் முந்திக்கொண்டது. சாயமேற்றப்பட்டனவும், ஒருமுறை வடித்து உலர்த்தப்பட்டனவுமான இலைகள் சீனத் தேயிலையோடு கலந்து வருகின்றன என்ற குற்றச்சாட்டு இங்கிலாந்திலே நெடுநாள் நிலவியது. அதன் பயனாக, 1875 ஆம் ஆண்டின் உணவு மருந்து விற்பனைச் சட்டத்து 30 ஆம் பிரிவு, இறக்குமதியாகும் தேயிலை அனைத்தும் சுங்கத்தாரின் சோதனைக்கு உட்பட்டது என விதித்தது. ஆகவே இலண்டன் மாநகரத்துக் குடியானவன் அருந்திய தேநீருக்கு ஒரு காவலாளன் இருந்தான். அத்தேயிலையைக் கொய்தவள் உண்ட சோற்றுக்குக் காவலாளன் யார் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை உணவிற் கலப்படஞ் செய்தலையும், கேடு பயக்கும் உணவை விற்றலையும் குற்றமாக்கியது. எனினும் குற்றமென எழுதுதல் வேறு. அதனைக் கண்டுபிடிக்க ஓர் அலுவலனை நியமித்தல் வேறு. தோட்டத்திலே அரிசியை அளந்து கொடுத்தவர் துரையே. அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தவரும் அவரே. சில தோட்டங்களிற் பெரியகங்காணிமாரே கடையும் நடத்தினர். விற்பவனும் எசமானனும் ஒருவனாயின், புழுத்த அரிசியைப் பற்றி யார் யாரிடம் முறையிடுவது? 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் நோயைக் கருதியது. நோய்க்கு முன்னே செல்லும் உணவைக் கடைதோறுஞ் சென்று சோதிக்கும் பணியோ நகர மன்றங்களுக்கும் கிராமச் சங்கங்களுக்கும் உரிய துறையாகவே வளர்ந்தது. அம்மன்றங்களில் தோட்ட மக்களுக்கு இடமில்லை. கிராமச் சங்க வாக்குரிமை பற்றி 1937, 1938 ஆம் ஆண்டுகளிற் பெருவாதம் நிகழ்ந்தும், லயங்களில் வாழ்ந்தோர் அவ்வுரிமையைப் பெற்றிலர்.

1949 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேதான் 25 ஆம் இலக்க உணவு மருந்துச் சட்டம் நாடு முழுவதற்குமாக இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே 48 ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தது. இரண்டையும் ஒருவர் திட்டமிட்டு இணைத்தார் எனக் கூறல் பொருந்தாது. ஆயினும் உள்ளூர் மன்றத்தை அசைப்பது வாக்கு; வாக்கற்றவன் பரிசோதகரை வரவழைக்க வல்லனல்லன்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமே இன்று நடைமுறையிலுள்ளது. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கடையினுட் புகுந்து பார்க்கலாம், ஐயத்துக்குரிய பொருளைக் கைப்பற்றலாம், மாதிரி எடுக்கலாம். மாதிரியை மூன்றாகப் பகுத்து முத்திரையிட்டு, ஒன்றை விற்பனையாளரிடமும், ஒன்றைப் பகுப்பாய்வாளரிடமும் கொடுத்து, எஞ்சியதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் முறை நுணுக்கமானது. வணிகன் பொய்க்குற்றச்சாட்டினின்றுந் தப்பவும், பரிசோதகர் கையூட்டு வாங்கிப் பொருளை மாற்றாதிருக்கவும் அது உதவுகின்றது. அறிக்கை வந்தபின் வழக்கு நீதவான் முன் செல்லும். ஏப்பிரில் மாதத்து நுவரெலியாப் பருவகாலத்திலே, பயணிகள் நானுஓயாவில் இறங்கி வடையும் ரொட்டியும் வாங்கும்போது, இச்சட்டம் விழித்திருத்தலைக் காணலாம்.

லயத்துக் கடையின் நிலை வேறு. அங்கே பருப்பும் மிளகாய்த்தூளும் பொதி பிரித்துச் சிறுகச் சிறுக விற்கப்படுகின்றன. காலாவதித் திகதி பொதியுறையோடு நின்றுவிடும். வாங்குபவள் கைக்கு வருவது கடதாசிச் சுருள் மட்டுமே. விலையும் பெரும்பாலுங் கடன், கொப்பியில் எழுதப்படுவது. கடன்பட்டவள் கடைக்காரர்மேல் முறையிடத் துணியாள். முறைப்பாட்டையே நம்பியிருக்கும் சட்டம் இவ்விடத்திலே வலுவிழக்கின்றது. அழையாமலே செல்லும் பரிசோதகர்தாம் இங்கு வேண்டப்படுகின்றார்.

வாக்குரிமை மெல்ல மீண்டது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்திலிருந்து 2003 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரை அது நீண்ட கதை. இடையே 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் தன் நிதியைச் செலவிட இடந்தராமையால், மக்கள் தேர்ந்த சபையே அவர்தம் வாயிலில் நின்றுவிட்டது. அத்தடை 2018இலேயே திருத்தத்தால் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்னரே நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியன புதியனவாய்த் தோன்றின.

இனித் தடையாய் நிற்பது நிலவுரிமை. லயத்தின் முன்னறையிலே நடைபெறும் கடைக்கு உறுதிப் பத்திரம் இல்லை. நிலம் அரசினது, குத்தகை 1992 முதல் கம்பனியினது, குடியிருப்பவர் தொழிலாளி. கடை சுத்தமாயிருத்தல் வேண்டும் எனப் பரிசோதகர் எழுதிக் கொடுக்கலாம். பாத்திரங் கழுவும் நீர் மலையோடையிலிருந்து தோட்டத்துக் குழாய் வழியாக வருகின்றது. அக்குழாயைத் திருத்தும் அதிகாரம் கடைக்காரரிடம் இல்லை.