ஹெரால்டு காரின் முன் ஸ்பிரிங்

தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை, பெரம்பலூர் - அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே மறுபடி ஓட்ட ஆசைப்படும் மாணவர் ஒருவர், "முன்பக்கம் படுத்துவிட்டது சார், வேறு கார் ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாமா?" என்றார். கூடாது. வெட்டிய ஸ்பிரிங் குட்டையாகும், விறைப்பும் கூடும்.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்த கார் அது. வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியுடையது. நாலு கதவு ஹெரால்டு மட்டும் நம் ஊர்ச் சரக்கு, இங்கிலாந்தில் கிடையாது! அம்பாசடருக்கு முன்னால் காயில் ஸ்பிரிங்கே இல்லை, முறுக்குக் கம்பிதான். ஹெரால்டில் காயில் ஸ்பிரிங், அதன் நடுவிலேயே ஷாக் அப்சர்பர். பானெட் மொத்தமும் முன்னால் சாயும் என்பதால் மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்ப்பார்.

மேலே மூன்று நட், கீழே ஒரு போல்ட். கழற்றினால் இரண்டும் சேர்ந்து கையில் வரும். ஆபத்து அதற்குப் பிறகுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியைப் பூட்டாமல் நடு நட்டைத் தொட்டால் ஸ்பிரிங் தெறிக்கும். கயிறு கட்டிச் சமாளிப்பது உயிரோடு விளையாட்டு. இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள். கீழ் போல்ட்டைக் கார் தரையில் நின்றபிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் புஷ் சீக்கிரம் கிழியும்.

1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் பின் அச்சைத்தான் மாற்றியது. வண்டலூர்ச் சாமான் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை: இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்காக முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் இன்றும் செய்கிறார்கள்.