கிராம்பும் கண்ணாடித் தொட்டி மீனும்

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இதைப் பார்த்தே தீர வேண்டும். மீனின் வயிறு வீங்கிவிடும். செதில்கள் உடம்போடு ஒட்டாமல் விறைத்து நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டியின் அடியில் கிடந்து, செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். மருந்து போட்டாயிற்று, உப்பும் போட்டாயிற்று, தேறவில்லை. இனி என்ன செய்வது? சிலர் அதை உயிரோடு கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்து விடுகிறார்கள். சிலர் ஒரு வாளியில் தனியாக விட்டு, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் மனத்தை உறுத்தத்தான் செய்யும்.

மீனுக்கு நல்ல சாவு கொடுக்க வேண்டும் என்ற கவலை மனித வரலாற்றில் மிகவும் புதியது. அது எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நெடுங்காலம் மீன் என்பது வலையிலும் சட்டியிலும் பார்த்த பொருள். தண்ணீருக்குள் அது எப்படி வாழ்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. அதை மாற்றியவர்களில் ஒருவர் ழான் வில்ப்ரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பாரிஸில் தையல் வேலை செய்தவர். ஓர் இளவரசியின் திருமண உடையைத் தைத்ததால் பெயர் பெற்றார். மணமாகி சிசிலித் தீவுக்குப் போன பிறகு, கடல் உயிர்களை உயிரோடு ஆராய்வதற்காக 1832இல் கண்ணாடித் தொட்டி செய்தார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று மீன் கூடம் திறந்தார்கள். 1869இல் பாரிஸில் கார்போனியே என்பவர் சீனாவிலிருந்து வந்த சொர்க்க மீனை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். நம் பக்கத்தில், 1909இல் சென்னை மெரினா கடற்கரையில் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நடுவில் கண்ணாடி வந்த பிறகுதான் மனிதன் மீனின் முகத்தைப் பார்த்தான். அது நோயில் கிடப்பதையும் பார்த்தான்.

சரி, மீனுக்கு வலிக்குமா? விலங்குகள் கடிகாரத்தைப் போன்ற இயந்திரங்கள் என்ற கருத்தை 17ஆம் நூற்றாண்டில் தெகார்த் பரப்பினார். எங்களைப் போலப் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தெகார்த்தும் தெரியும், லா ஃபோந்தேனும் தெரியும். கதைகளில் விலங்குகளைப் பேச வைத்த லா ஃபோந்தேன், தெகார்த்தின் இந்தக் கருத்தை மறுத்துக் கவிதையே எழுதினார். பெரிய தத்துவ ஞானியைவிடக் கதை சொன்னவருக்கு அன்று விலங்கின் மனம் கூடுதலாகப் புரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பிரான்சில் 1850இல் கிராமோன் சட்டம் வந்தது. பொது இடத்தில் வீட்டு விலங்குகளைக் கொடுமைப்படுத்தினால் 5 முதல் 15 பிராங்க் வரை அபராதம். தெருவில் சவுக்கடி வாங்கிய வண்டிக் குதிரைகளை நினைத்து எழுதிய சட்டம் அது. மீனை யாரும் நினைக்கவில்லை. கத்தாத உயிருக்காக யார் வழக்காடுவார்கள்?

மீனின் முறை வரப் பல காலம் ஆயிற்று. 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் இரை எடுக்க நெடுநேரம் ஆயிற்று. சில மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மார்பின் கொடுத்தபோது அந்தத் துன்பம் குறைந்தது. இயந்திரத்துக்கு மார்பின் எதற்கு? 2008இல் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு விதிகள், மீனைக் கொல்வதானால் முதலில் அதை உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. தங்கமீனை உயிரோடு கழிப்பறையில் போடுவதற்கு அங்கே இடமில்லை.

வலி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக நாமே உயிரை எடுக்கலாமா? நம் ஊரில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். இதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று காயப்பட்டு, புரளவும் முடியாமல் வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தி ஆசிரமத்தில் இருந்தவர்களைக் கூட்டிப் பேசினார். உயிரைப் படைக்க முடியாத நமக்கு அதைப் பறிக்க உரிமை இல்லை என்று ஒருவர் மறுத்தார். நம் சுயநலத்துக்காகக் கொன்றால்தான் அந்த வாதம் பொருந்தும் என்பது காந்தியின் பதில். கடைசியில் அவரே பக்கத்தில் இருக்க, மருத்துவர் ஊசி போட்டார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அகிம்சையைப் போதித்தவர் பசுங்கன்றைக் கொன்றார் என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. காந்தி அதை மறைக்காமல் யங் இந்தியாவில் எழுதி, தாம் செய்ததும் அகிம்சையே என்று வாதிட்டார். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சி. ஆனால் அவர் வைத்த அளவுகோல் மீனுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி வழி என்ன என்று பார்ப்போம். இங்கேதான் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பு வருகிறது.

ஒரு காலத்தில் கிராம்பு தங்கத்துக்குச் சமம். மலுக்குத் தீவுகளைப் பிடித்த டச்சுக்காரர்கள், தங்கள் பிடியில் இருந்த அம்போன் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கன்றுகூட வெளியே போகக் கூடாது. அந்தப் பிடியை உடைத்தவர் பியேர் புவாவ்ர். பிரெஞ்சில் புவாவ்ர் என்றால் மிளகு, பெயரிலேயே மசாலா! பாதிரியாராக வேண்டியவர். 1745இல் ஆங்கிலேயர் தாக்கிய கப்பலில் இருந்து, குண்டு பட்டு வலக்கையை இழந்தார். கைதியாகப் படாவியாவில் இருந்தபோதுதான் மசாலா வணிகத்தின் மர்மம் அவருக்கு விளங்கிற்று. அங்கிருந்து திரும்பும் வழியில், துய்ப்ளேக்ஸ் ஆண்ட நம் புதுச்சேரிக்கும் வந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பின்னாளில் இன்றைய மொரீஷியஸின் நிர்வாகியான புவாவ்ர் அனுப்பிய கப்பல்கள், 1770இல் கிராம்புக் கன்றுகளைக் கடத்திக் கொண்டுவந்து சேர்த்தன. அங்கிருந்து ரெயூனியனுக்கும் சான்சிபாருக்கும் பரவி, கிராம்பு ஏழை வீட்டுக்கும் வந்தது.

பல்வலிக்குக் கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். அந்த மரத்துப்போகும் குணத்துக்குக் காரணம் அதிலுள்ள யூஜினால். சவோய் இளவரசர் யூஜின் நினைவாக ஒரு தாவர இனத்துக்கு யூஜினியா என்று பெயர் வைத்தார்கள். கிராம்பை அந்த இனத்தில் சேர்த்ததால் அதன் சத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுதும் போர்க்களத்தில் இருந்தவரின் பெயர், வலி தணிக்கும் மருந்துக்கு!

1970களில் ஜப்பானியர் மீன்களை மயக்கக் கிராம்பு எண்ணெயைச் சோதித்தார்கள். குறைந்த அளவில் மீன் தூங்கும். தெளிந்த நீரில் விட்டால் எழுந்துவிடும். அளவு கூடினால் தூக்கத்திலேயே செவுள் நின்றுவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கருணைக் கொலை வழிகாட்டியிலும் இந்த முறை இருக்கிறது.

செய்முறை சிக்கலானதல்ல. எண்ணெய் தண்ணீரில் கலக்காது. ஆகவே சிறு குப்பியில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரோடு பால்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். மீனை அதன் தொட்டி நீரிலேயே ஒரு பாத்திரத்தில் விட்டு, இதைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மீன் சாய்ந்து அசைவற்றதும் மீதியைச் சேர்க்கலாம். மொத்தம் லிட்டருக்கு அரை மில்லி அளவு. செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மயக்கத்தில் இருப்பதைப் புதைத்தவர்களாவோம். உறைபெட்டியில் வைப்பது, தரையில் போட்டுவிடுவது எல்லாம் நீண்ட சித்திரவதை. கால்நடை மருத்துவர் கிடைத்தால் முதலில் அவரிடம் காட்டுவதே முறை. தேறக்கூடிய நோயாகவும் இருக்கலாம்.

மீன் குழம்பு சாப்பிடும் ஊரில் இவ்வளவு பேச்சு தேவையா என்று சிலர் சிரிக்கலாம். சந்தை மீனின் சாவுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். ஆனால் தொட்டி மீனை நாம்தான் கொண்டுவந்தோம். அதற்கு ஓடி ஒளிய ஓர் ஆறு இல்லை, குளம் இல்லை. ஆகவே குப்பியைத் திறக்கும் முன் காந்தியின் கேள்வியை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இது அதன் வேதனை தீரவா, அல்லது தினமும் தண்ணீர் மாற்றும் நம் அலுப்புத் தீரவா? முன்னதானால் தயங்க வேண்டாம். பின்னதானால், தண்ணீரை மாற்றிவிட்டு இன்னும் இரண்டு நாள் பாருங்கள்.