வாரத்திற்குச் சில நிமிடங்கள்: இணையவழி உளச்சிகிச்சையின் வளர்ச்சியில் சிகிச்சையாளரின் இடம்

உளச்சிகிச்சை கணினிக்குள் வந்த வரலாற்றைப் பெரும்பாலோர் இயந்திரத்தின் வரலாறாகவே எழுதுகிறார்கள். 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட, சிகிச்சையாளர் போல உரையாடும் எலைசா நிரலில் தொடங்கி இன்றைய கைபேசிச் செயலிகள் வரை ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் பலன் நிறுவப்பட்ட ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் படித்தால் வேறொரு கோடு தெரிகிறது. நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே எவ்வளவு தொடர்பைக் குறைக்கலாம், எதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்பதே இத்துறையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயக்கிய கேள்வி. சுவீடன் உளவியலாளர் கெர்ஹார்ட் ஆண்டர்சனின் பணியை மையமாக வைத்து அந்தக் கேள்வி வளர்ந்த விதத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

இதன் வேர் இணையத்தில் இல்லை, சுய உதவி நூல்களில் இருக்கிறது. அச்சக் கோளாறு உள்ளவர்கள் அஞ்சும் இடத்தையும் பொருளையும் படிப்படியாகத் தாமே எதிர்கொள்ளும் பயிற்சியை 1980களில் லண்டனில் ஐசக் மார்க்ஸ் குழுவினர் சோதித்தார்கள். மருத்துவர் வழிநடத்தினாலும், நூலைப் பார்த்துச் செய்தாலும், கணினி சொல்லித் தந்தாலும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். சி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பெரும்பகுதி, நோயாளி தன் வீட்டிலும் தெருவிலும் செய்யும் பயிற்சிதான் என்பதற்கு அது வலுவான சான்று. 1990களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் லாங்கே, பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை இணையம் வழியே கட்டம் கட்டமாக எழுதவைத்து, அந்த எழுத்துக்குச் சிகிச்சையாளர் எழுத்திலேயே பதில் தரும் முறையை உருவாக்கினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஆண்டர்சன் இத்துறைக்கு வந்த வழி சற்று வேறானது. உப்சாலாவில் அவர் காதிரைச்சல் நோயாளிகளிடையே பணிபுரிந்தவர். ஓயாமல் காதில் ஒலிக்கும் இரைச்சலுக்கு மருந்து இல்லை. அதனால் வரும் தூக்கமின்மையையும் மனவேதனையையும் சி.பி.டி. தணிக்கும். ஆனால் அதைத் தரப் பயின்றவர்கள் குறைவு, நோயாளிகளோ பரந்த நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். தேவை இப்படித்தான் எழுந்தது.

ஆனால் முதல் சோதனை காதிரைச்சலில் அல்ல, தலைவலியில் நடந்தது. லார்ஸ் ஸ்ட்ரோம் முதன்மை ஆசிரியராக, ஆண்டர்சனும் சேர்ந்து 2000இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 102 பேர் சேர்ந்தார்கள். தளர்வுப் பயிற்சியும் சிக்கல் தீர்க்கும் பயிற்சியும் இணையத்தில் தரப்பட்டன, ஐயங்களுக்கு மின்னஞ்சலில் பதில் வந்தது. முடித்தவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆனால் 56 விழுக்காட்டினர் நடுவிலேயே நின்றுபோனார்கள். என் பார்வையில் அந்த ஆய்வின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த இரண்டாவது எண்தான். முறை வேலை செய்கிறது, ஆட்கள் நிலைக்கவில்லை. அடுத்து வந்த பணிகள் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சியாகவே எனக்குப் படுகின்றன.

2002இல் காதிரைச்சல், 2005இல் மனச்சோர்வு என்று சோதனைகள் தொடர்ந்தன. பீதிக் கோளாறு பற்றிய சோதனைகளில் பெர் கார்ல்பிரிங் ஆண்டர்சனுடன் சேர்ந்து உழைத்தார். ஆண்டர்சன் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போன பிறகு அந்த நகரமே இத்துறையின் ஒரு மையமாயிற்று. இதற்குள் சிகிச்சைக்கு ஒரு நிலையான வடிவம் கிடைத்திருந்தது. பீதிக் கோளாறு உள்ள ஒருவரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பான தளத்தில் நுழைந்து அந்த வாரப் பாடத்தைப் படிக்கிறார். வேகமாக மூச்சு வாங்கினால் தலைசுற்றலும் மரத்துப்போதலும் ஏன் வருகின்றன என்று அது விளக்குகிறது. பிறகு வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட்டு அதே தலைசுற்றலை வரவழைக்க வேண்டும். மாரடைப்பு என்று தான் அஞ்சியது மூச்சின் விளைவு என்பதை உடம்பே காட்டிக்கொடுக்கும். நடந்ததைப் படிவத்தில் எழுதி அனுப்புகிறார். சிகிச்சையாளர் அதைப் படித்துவிட்டு, செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அடுத்து எங்கே போய் முயலலாம் என்று எழுதி, அடுத்த பாடத்தைத் திறந்துவிடுகிறார். ஒரு நோயாளிக்கு வாரத்தில் ஏறத்தாழ பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்.

அந்த நிமிடங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கனடாவில் உருவான, எவரும் இலவசமாகச் சேரக்கூடிய பீதிக் கோளாற்றுத் திட்டம் ஒன்றைப் பற்றி 2005இல் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்கள் 1,161 பேர். பன்னிரண்டு வாரமும் முடித்தவர்கள் 12 பேர். சிட்னியில் நிக் டிட்டோவ் குழுவினர் சமூகப் பதற்றம் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் துணையோடு பயின்றவர்களில் 77 விழுக்காட்டினரும் தனித்துப் பயின்றவர்களில் 33 விழுக்காட்டினரும் பாடங்களை முடித்தார்கள். அதே சிட்னி குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். சிகிச்சையாளருக்குப் பதில் உளவியல் பயிற்சி இல்லாத தொழில்நுட்ப உதவியாளர் வாரந்தோறும் ஊக்கம் தந்தாலும் பலன் ஏறத்தாழ அதுவே. ஆக, நோயாளிக்கு வேண்டியிருந்தது, தன் எழுத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற அறிவு.

நேருக்கு நேர் சிகிச்சையோடு ஒப்பிட்டால் என்ன என்பதற்கும் விடை வந்தது. ஸ்டாக்ஹோமில் எரிக் ஹெட்மன் குழுவினர் சமூகப் பதற்றம் உள்ள 126 பேரை இணையவழிச் சிகிச்சைக்கும் குழுச் சிகிச்சைக்கும் பிரித்தனர். 2011இல் வெளியான முடிவின்படி இணையவழி முறை குழு முறைக்குக் குறைந்ததாக இல்லை. கார்ல்பிரிங், ஆண்டர்சன் முதலியோர் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 20 ஆய்வுகளையும் 1,418 பேரையும் எடுத்துக்கொண்டு, இரு முறைகளுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது. தீங்கு நேருமோ என்ற நியாயமான அச்சத்தையும் அக்குழுவினர் ஒதுக்கவில்லை. அலெக்சாண்டர் ரோசென்டால் தலைமையில் 2017இல் 29 ஆய்வுகளின் 2,866 பேரைக் கணக்கிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் 5.8 விழுக்காட்டினரின் நிலை மோசமாகியிருந்தது. காத்திருப்பு முதலிய ஒப்பீட்டுக் குழுக்களில் அது 17.4 விழுக்காடு.

இத்தனை சான்று இருந்தும் நடைமுறை தடுக்கி விழுந்த இடம் இங்கிலாந்து. மனச்சோர்வுக்கான கணினிவழித் திட்டங்களை அங்கே பொது மருத்துவர்கள் வழியே கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் 691 பேர் இருந்தார்கள். 2015இல் வந்த முடிவு, வழக்கமான மருத்துவத்துக்கு மேல் கூடுதல் பலன் இல்லை என்பது. இணையவழி முறையே தோற்றது என்று பலர் எழுதினார்கள். அது தவறான வாசிப்பு என்றே நான் கருதுகிறேன். அங்கே தொலைபேசியில் கிடைத்த உதவி பெரும்பாலும் தளத்தைப் பயன்படுத்துவது பற்றியது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு அமர்வுகளைத் தாண்டவே இல்லை. தோற்றது, ஆளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் கொடுத்த ஏற்பாடு.

அந்த ஆள் எழுதும் சில வரிகளில் அப்படி என்ன இருக்கிறது? இதைத் தேடிய லின்ஷோப்பிங் ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 44 பேருக்கு மூன்று சிகிச்சையாளர்கள் எழுதிய 490 மின்னஞ்சல்களை பியோர்ன் பாக்ஸ்லிங் குழுவினர் வரி வரியாக வகைப்படுத்தினார்கள். பரிவுச் சொற்கள், உறவை வலுப்படுத்தும் சொற்கள், விளக்கங்கள், நினைவூட்டல்கள் என எட்டு வகை கிடைத்தது. செய்த பயிற்சியைக் குறிப்பிட்டுப் பாராட்டியது கவலை குறைவதோடு சேர்ந்து வந்தது. பரவாயில்லை, அடுத்த வாரம் செய்யுங்கள் என்று கெடுவைத் தளர்த்தியது குறைந்த பலனோடு சேர்ந்து வந்தது. சிறிய ஆய்வுதான். எது எதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. தேங்கி நின்றவர்களுக்குத்தான் தவணை நீண்டிருக்கவும் கூடும். ஆனாலும் இத்துறையில் நான் படித்தவற்றுள் சிகிச்சையாளரின் கைவேலையை இவ்வளவு அருகில் காட்டியது வேறில்லை.

வழிகாட்டுநர் எல்லாருக்கும் கட்டாயம் என்றும் சொல்லிவிட முடியாது. பெர்ன் நகரில் தாமஸ் பெர்கர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சமூகப் பதற்றம் உள்ளவர்கள் துணை இருந்தும் இல்லாமலும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். அங்கே தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் நோயறி நேர்காணல் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மனிதர் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவர்கள் தனியே விடப்பட்டார்கள். எய்ரினி கார்யோடாக்கி தலைமையில் 2021இல் வெளியான, 39 சோதனைகளையும் 9,751 பேரையும் உள்ளடக்கிய வலையமைப்புத் தொகுப்பாய்வு இந்த விவாதத்தை ஓரளவு தீர்த்தது. லேசான மனச்சோர்வில் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு சிறிது. மிதமான, கடுமையான மனச்சோர்வில் துணையோடு தரும் சிகிச்சையே மேல். எனவே இணையவழிச் சேவை ஒன்றைத் திட்டமிடுவோர் முதலில் பணம் ஒதுக்க வேண்டியது மென்பொருளுக்கு அல்ல. யாருடைய நோய் எவ்வளவு கடுமை என்று தொடக்கத்திலேயே கேட்டறிபவருக்கும், கடுமையாக இருப்பவர்களுக்கு வாரந்தோறும் பதில் எழுதுபவருக்கும் ஒதுக்க வேண்டும்.